ஏர்போர்ட்டுக்கு எதிரே சோழர் கோயில், குவாரிக்குள்ளே நீலக் குளம்... தாம்பரத்தைச் சுற்றும் ‘ஆஃப்பீட்’ மோகம் எங்கே போகுது?

ஃபிலிப்பைன்ஸ் போக இந்தியர்களுக்கு இனி விசா வேண்டாம். 2025 ஜூன் மாதத்திலிருந்து சுற்றுலாவுக்கென்றால் 14 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். பதிலுக்கு ஆகஸ்ட்டில், அந்நாட்டு அதிபர் மார்கோஸ் டெல்லி வந்தபோது, ஃபிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஓராண்டுக்கு இலவச இ-டூரிஸ்ட் விசா என்று இந்தியா அறிவித்தது. அக்டோபரில் டெல்லி - மணிலா நேரடி விமானமும் வந்துவிட்டது. நம்ம பக்கத்து டிராவல் இன்ஸ்டா பக்கங்களில் அதிலிருந்து ஒரே பலாவான், சியார்காவ், எல் நிடோ வீடியோக்கள்தான். ‘யாருக்கும் தெரியாத தீவு’ என்று தலைப்பு. கீழே பார்த்தால் 12 லட்சம் வியூஸ்.

ஃபிலிப்பைன்ஸ்காரர்களிடம் ஓர் அழகான வார்த்தை இருக்கிறது. ‘லக்வட்சேரோ’. வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கால் போன போக்கில் சுற்றுகிற ஆள். நம்ம ஊர் ‘ஊர்சுத்தி’க்கு ரொம்பப் பக்கம். திட்டவும் செய்யலாம், செல்லமாகவும் கூப்பிடலாம். 7,641 தீவுகள் உள்ள நாட்டில் பிறந்தவனுக்கு எல்லோரும் போகிற பீச்சை விட்டு விலகிப் போகும் ஆசை வருவதில் ஆச்சர்யமே இல்லை.

ஒரு கற்பனை. அப்படி ஒரு லக்வட்சேரோ இலவச விசாவில் சென்னையில் வந்து இறங்குகிறார். மெரினா வேண்டாம், மகாபலிபுரம் வேண்டாம், டூரிஸ்ட் பஸ் போகாத இடமாகக் காட்டு என்கிறார். நாம எங்கே கூட்டிப் போவோம்? நமக்கே அது தெரியாது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் குடியிருக்கிற நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஆஃப்பீட் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, விடிகாலையில் வேறொரு மாவட்டத்தில் இறங்குவது. 2023 டிசம்பர் 30-ல் அந்தப் புது பஸ் ஸ்டாண்ட் திறந்ததிலிருந்து வார இறுதியில் டிரெக்கிங் பேக் மாட்டிய கூட்டத்தை அங்கே பார்க்கலாம். ஏலகிரி புளித்துவிட்டது, ஊட்டி டிராஃபிக், கொடைக்கானலில் ரூம் இல்லை. அதனால், ‘மச்சி, கூட்டமே இல்லாத இடமா ஒண்ணு பாரு’.

அந்த ஒரு வரித் தேடல்தான் இப்போது பெரிய விஷயமாகியிருக்கிறது. கூட்டம் இல்லாத இடம் என்றால் பாதி நேரம் வேலி, காவலர், முதலுதவி, அனுமதிச் சீட்டு எதுவுமே இல்லாத இடம் என்று அர்த்தம். மீதி நேரம் அது வேறு யாருடைய வயலோ, ஏரியோ, சாமியோ. இதைக் கொஞ்சம் நம்ம தென்சென்னைப் புறநகரிலேயே வைத்துப் பார்ப்போம்.

28 வயது இளைஞரும் ஒரு கல்லும்

அந்த லக்வட்சேரோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஜி.எஸ்.டி ரோட்டைத் தாண்டினாலே திரிசூலம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மலை. மலைகளுக்கு நடுவே சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில். ரன்வேயில் ஏறுகிற விமானத்தின் சத்தத்தோடு சேர்த்து கல்வெட்டு பார்க்கிற அனுபவம் உலகத்தில் எத்தனை ஊரில் கிடைக்கும் என்று தெரியவில்லை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் திரிசூலம் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். டிராலி பேக்கோடு நேராக ஏர்போர்ட் பக்கம் போய்விடுகிறார்கள்.

அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். தாம்பரத்திலிருந்து வந்தால் அஞ்சு ரூபாய் டிக்கெட். இந்தியத் தொல்லியலின் கதை எழுதுகிற எவரும் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் இங்கே ராணுவ மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில் செதுக்கப்பட்ட கல் ஒன்றை எடுத்தார். பழைய கற்கால மனிதன் கையால் செய்த கருவி. இந்தியாவில் அவ்வளவு பழைய மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட சான்று அது. அப்போது அவருக்கு வயது 28. அதே வருடம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில்தான் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு பல வருடம் அகழாய்வு செய்து, அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. அந்தக் கதையின் முதல் பக்கம் பல்லாவரம்.

ஃபூட் செய்ததும் ஒரு வகையில் ஆஃப்பீட் பயணம்தான், இல்லையா? எல்லோரும் பரேடு பார்த்துவிட்டுப் போன மைதானத்தில் அவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். தூரம் போகவில்லை.

பல்லாவரத்தில் இன்னொன்றும் இருக்கு. மலையில் ஒரு குடைவரை. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது. அவனுடைய பட்டப்பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. பல்லவன் குடைந்த பாறைக்குள் பத்தி வாசனையும் பச்சைத் துணியும் இருக்கிற அந்த இடத்துக்கு முறுக்கிக்கொள்ளாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே வழிபட வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போய் நின்றால் ஆயிரத்து நானூறு வருடம் ஒரே இடத்தில் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை என்றால் கீழே பழைய டிரங்க் ரோட்டில் சந்தை வேறு. பழைய ரேடியோ, துருப்பிடித்த ஸ்பேனர், செடி, புறா, தையல் மெஷின்னு கிடைக்காத பொருள் இல்லை.

இதையெல்லாம் ‘ஹிட்டன் ஜெம்’ என்று எழுதி முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஜமீன் பல்லாவரத்துக்காரர்களிடம் தொல்லியல் என்ற வார்த்தையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கு. அங்கே பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. சட்டப்படி அப்படி ஓர் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம், மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று நினைக்கிற குடும்பத்துக்கு 2,000 வருடத்துக்கு முந்தைய ஈமப்பேழையால் கிடைத்த ஒரே பலன், தடையில்லாச் சான்றுக்காக அலையும் அலைச்சல்.

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகத் தெரிவது இதுதான். ஓர் இடம் பழமையானது என்பதால் வரும் நஷ்டம் முழுக்க அங்கே குடியிருப்பவருக்கு. அதைப் பார்த்துப் படம் எடுத்துப் போடும் சந்தோஷம் முழுக்க வெளியாளுக்கு. ஒரு டீக்கடை வியாபாரம்கூட உள்ளூருக்குக் கூடவில்லை என்றால் அந்த ஊர்க்காரர் எதற்காக அந்தக் கல்லைக் காப்பாற்ற வேண்டும்?

நீலத் தண்ணி, செங்குத்துச் சுவர்

இப்போது ரீல்ஸ் பக்கம் வருவோம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ‘சீக்ரெட் ஸ்பாட்’ என்று தேடினால் கோயிலும் குடைவரையும் வராது. வருவது குவாரி. நாலு பக்கமும் பாறை, நடுவில் பளிச்சென்று நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், ட்ரோன் ஷாட், பின்னணியில் ஒரு மெலடி. பார்த்தால் ஃபிலிப்பைன்ஸ் லகூன் மாதிரியே இருக்கும். அதே தலைப்பில் போடுபவர்களும் உண்டு.

இந்தப் பள்ளங்கள் எப்படி வந்தன என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். திரிசூலம், பம்மல், நன்மங்கலம், எருமையூர், சிக்கராயபுரம்னு சென்னையின் வீடுகளுக்கும் ரோடுகளுக்கும் ஜல்லி இங்கிருந்துதான் போனது. பல வருடம் வெடி வைத்து எடுத்தார்கள். அப்புறம் குடியிருப்பு நெருங்கியது, வேலை நின்றது, லாரி கிளம்பியது. பள்ளம் மட்டும் நின்றது. அதில் மழைத் தண்ணீரும் ஊற்றும் சேர்ந்தது. 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்தும் இறைத்துச் சுத்திகரித்துக் குடிநீர் வாரியம் சமாளித்தது. அவ்வளவு ஆழம், அவ்வளவு தண்ணீர்.

அந்த ஆழத்தில்தான் பிரச்னையும். ஏரியில் இறங்கினால் முட்டி, இடுப்பு, கழுத்து என்று படிப்படியாக ஆழம் கூடும். பயந்தால் திரும்பிவிடலாம். குவாரியில் கரை என்ற ஒன்றே கிடையாது. வெட்டிய பாறை நேராகச் செங்குத்தாக இறங்கும். ஒரு அடி நின்ற இடம், அடுத்த அடி பல ஆள் ஆழம். தண்ணீருக்குள் பாறைத் திட்டுகள் துருத்தி நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேலே வெயிலில் சூடாக இருக்கும் தண்ணீர் கீழே போகப்போகச் சில்லென்று ஆகும், அந்த அதிர்ச்சியிலேயே மூச்சு தவறும். நன்றாக நீச்சல் தெரிந்தவனும் ஏறி வர இடமில்லாமல் பாசி வழுக்கிச் சோர்ந்து போவான். காப்பாற்றக் குதிப்பவனுக்கும் அதே கதிதான். அதனால்தான் இந்தச் செய்திகளில் ஒருவர் பெயரோடு இரண்டாவது பெயரும் வருகிறது.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், புறநகர்ப் பதிப்பின் ஓரத்தில் இந்தச் செய்தி சின்னதாக வரும். கல்லூரி மாணவர், நண்பர்களோடு, கல்குவாரி, தீயணைப்பு வீரர்கள் தேடினர். வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம்.

வேலை முடிந்த குவாரியின் வாயில் வேலி போட்டு அடைக்க வேண்டும் என்று சுரங்கப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. எத்தனை இடத்தில் அந்த வேலி நிற்கிறது, எத்தனை இடத்தில் பிய்த்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பைக்கில் போனாலே தெரிந்துகொள்ளலாம். ‘இங்கு குளிக்கத் தடை’ போர்டு வைத்ததோடு கடமை முடிந்ததாக நினைப்பதுதான் நம்ம நிர்வாக வழக்கம். அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் நின்றே செல்ஃபி எடுப்பது நம்ம வழக்கம்.

வருத்தம் என்னவென்றால், இந்தப் பையன்கள் வேறு எங்கே போவார்கள் என்பதற்கும் நம்மிடம் பதில் கிடையாது. தாம்பரம் மாநகராட்சியாகி 2021 நவம்பரோடு கணக்குப் போட்டால் சில வருடங்கள் ஓடிவிட்டன. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் சேர்ந்த 70 வார்டு. இதில் சாதாரண வீட்டுப் பையன் 20 ரூபாயில் பாதுகாப்பாக நீச்சல் அடிக்கும் குளம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம், விரலும் மிச்சமிருக்கும். அபார்ட்மென்ட்டில் குளம் இருப்பவன் குவாரிக்கு வருவதில்லை.

குரங்கணிக்குப் பிறகு

ஆஃப்பீட் ஆசைக்கும் தென்சென்னைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும்போது 2018 மார்ச் 11-ஐத் தாண்டிப் போக முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலானவர்கள் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடான வார இறுதிப் பயணம் அது. இன்னொரு குழு ஈரோடு பக்கத்திலிருந்து வந்தது.

சென்னைக் குழுவை அழைத்துப் போனது சென்னை டிரெக்கிங் கிளப். அந்த கிளப்பின் கதை நம்ம லக்வட்சேரோவுக்குப் பிடிக்கும். 2008-ல் அதைத் தொடங்கியவர் பீட்டர் வான் கெய்ட் என்ற பெல்ஜியம்காரர். ஐ.டி வேலைக்காகச் சென்னை வந்து இங்கேயே தங்கியவர். மேப்பில் பெயர் இல்லாத ஓடைகளையும் மலைகளையும் தேடித் தேடிப் போனார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பின்னால் வந்தார்கள். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறைக்கே கிழக்குத் தொடர்ச்சி மலை என்று ஒன்று இருப்பதைக் காட்டியதில் அந்த கிளப்புக்குப் பங்கு உண்டு. கடற்கரையில் குப்பை பொறுக்கினார்கள், 2015 வெள்ளத்தில் நிவாரண வேலை செய்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய வேலை.

ஆனால், குரங்கணி நடந்ததும் தமிழ்நாடே கேட்ட கேள்வி ஒன்றுதான். தீ எரிகிற மாசத்தில் இவர்களை மலைக்கு விட்டது யார்? எந்தப் பாதைக்கு அனுமதி, அந்தச் சீட்டு எங்கே கொடுத்தது, வழிகாட்டி யார் என்பதிலெல்லாம் சர்ச்சை வெடித்தது. காட்டுத்தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்த மனிதர் குழுவோடு இருந்தாரா என்பதுதான் எனக்கு அன்றும் இன்றும் பெரிய கேள்வி. காய்ந்த புல் உயரமாக வளர்ந்த சரிவில் தீ மேல்நோக்கிப் பாய்ந்து வரும் வேகம், மனிதன் ஓடும் வேகத்தைவிட அதிகம். இது ஆர்வத்தாலும் நல்ல ஷூவாலும் ஈடுகட்டுகிற விஷயமில்லை. அந்த மலையில் பிறந்தவருக்குத் தெரிந்த அறிவு.

அந்த வருடமே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அப்புறம் 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் புக்கிங், எளிது - நடுத்தரம் - கடினம் என்று பிரிவு. கூட வருகிற வழிகாட்டிகள் அந்தந்த மலைக் கிராமத்து இளைஞர்கள், பழங்குடியினர். பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரை தீ பயம் உள்ள காலத்தில் பாதைகள் மூடல். பட்டியலில் கூடியம் குகையும் இருக்கு. அத்திரம்பாக்கத்துக்குப் பக்கம், கற்கால மனிதன் புழங்கிய அதே நிலப்பகுதி. பல்லாவரத்தில் ஆரம்பித்த கதையின் அடுத்த அத்தியாயத்துக்கு அரசே டிக்கெட் போட்டுக் கூட்டிப் போகிறது.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் மாணவர்களுக்கு எட்டவில்லை என்கிறார்கள், காட்டில் நடக்கவும் காசா என்கிறார்கள். முதல் குறையில் நியாயம் இருக்கிறது. கல்லூரி அடையாள அட்டைக்குப் பெரிய சலுகை தந்தால், குவாரிக்குப் போகும் பையனை மலைக்கு இழுக்கலாம். இரண்டாவதை ஏற்க முடியவில்லை. வழிகாட்டிக்குக் கூலி போகிறது. அந்தக் காடு இருந்தால்தான் தனக்கு அடுத்த வாரமும் வேலை என்று ஒரு கிராமத்து இளைஞனுக்குத் தோன்றினால், எந்தப் போர்டும் செய்யாத காவலை அவன் செய்வான். ஜமீன் பல்லாவரத்தில் நடக்காமல் போனது அதுதானே?

போராகாய் சொல்லும் கணக்கு

மறுபடியும் ஃபிலிப்பைன்ஸ். குரங்கணி நடந்த அடுத்த மாதம், 2018 ஏப்ரல் 26 அன்று, அந்த நாடு தன்னுடைய மிகப் பிரபலமான தீவான போராகாயை இழுத்து மூடியது. ஆறு மாதம் ஒரு டூரிஸ்ட்டுக்கும் அனுமதி இல்லை. ஒரு காலத்தில் பேக் மாட்டிய சில வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்து ரகசியமாய்ப் பேசிக்கொண்ட வெள்ளை மணல் கடற்கரை அது. வாய்வழியாகப் பரவி, ஹோட்டல் வந்து, ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஹோட்டல் வந்து, கழிவுநீர்க் குழாயை நேராகக் கடலில் விடும் அளவுக்குப் போனது. அப்போதைய அதிபர் டுடெர்டே அந்தத் தீவைச் சாக்கடைக் குழி என்றே திட்டினார்.

மூடியதால் கடல் சுத்தமானது. ஆனால் அந்த ஆறு மாதம் பட்டினி கிடந்தது, படகு ஓட்டியவரும் அறை துடைத்தவரும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தீவை விட்டே கிளம்பினார்கள். 2018 அக்டோபரில் திறந்தபோது ஒரு எண்ணோடு திறந்தார்கள். ஒரே நேரத்தில் தீவில் 19,215 டூரிஸ்ட்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஹோட்டலில் ரூம் போட்ட சீட்டைக் காட்டினால்தான் படகு.

நாமும் அந்த வழிக்கு வந்துவிட்டோம். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் சீசனில் எண்ணிக்கையும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்குமா என்று கணக்குப் போடுவது சரி. ஆனால் பாஸ் கிடைக்காத வண்டி வீட்டிலேயே நின்றுவிடுமா? அது பெயர் தெரியாத அடுத்த மலைக்குப் போகும். ஊட்டியில் அடைத்த கூட்டம், குப்பைத் தொட்டிகூட இல்லாத ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் ‘ஆஃப்பீட்’ என்ற பெயரில் இறங்கும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும்போது அது எங்கே வழியும் என்பதையும் யோசித்துத் திட்டம் போட வேண்டும். இப்போதைக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

பறவைக்கு வெடி வெடிக்காத ஊர்

இதற்கு நேர் எதிரான உதாரணம் தாம்பரத்திலிருந்து இரண்டு மணி நேர தூரத்துக்குள் இருக்கிறது. வேடந்தாங்கல். ஏரியில் நிற்கும் கடம்ப மரங்களில் பறவை கூடு கட்டுவதும், அதன் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்வதும் அந்த ஊர் விவசாயிக்குப் பரம்பரையாகத் தெரியும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரிக்குக் காவல் உரிமை வாங்கினார்கள். நாட்டில் வனவிலங்குச் சட்டம் என்று ஒன்று வருவதற்கு ரொம்ப காலம் முன்னால். இன்றைக்கும் தீபாவளிக்கு அங்கே வெடிச் சத்தம் கிடையாது. 2020-ல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. பறவை அந்த ஊரின் வரவு செலவில் இருக்கிறது.

பள்ளிக்கரணைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுற்றி இருக்கிற நாமெல்லாம் அந்த மண்ணை நம்பிப் பிழைப்பவர்கள் கிடையாது, பிளாட் வாங்கி வந்தவர்கள். ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மலை, இன்னொரு பக்கம் ஐ.டி கட்டடங்கள், நடுவில் பூநாரை. 2022 ஜூலையில் ராம்சர் தகுதி கிடைத்தது. 2025-ல், எல்லையை அளந்து முடிக்கும் வரை சதுப்புநிலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதுக் கட்டட அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, அந்த வட்டத்துக்குள் வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர்கள் தவித்துப்போனார்கள். மறுபடியும் பாருங்கள், பல்லாவரத்தின் 100 மீட்டர் கதைதான். இயற்கையும் பழமையும் நமக்கு ‘தடை’ என்ற ஒரே வடிவத்தில்தான் வந்து சேருகின்றன.

2021 டிசம்பரில் பள்ளிக்கரணையில் திறந்த சூழலியல் பூங்கா அதைக் கொஞ்சம் மாற்றியது. காலையில் நடக்க வருகிற பெரியவர்கள் இப்போது நாமக்கோழி எது, முக்குளிப்பான் எது என்று பேரப்பிள்ளைக்குச் சொல்கிறார்கள். மேடவாக்கம் ரோட்டில் நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய குவாரிப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துகிறது. அதே குவாரி, வேறு பயன். வனத்துறையிடம் கேட்டுவிட்டு, தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டிய காட்சி அது. ஆந்தைக் கூட்டின் லொகேஷனை மேப்பில் பின் செய்து போடுகிறவரை என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பறவை பார்ப்பவர்கள் மத்தியில் கூட்டின் இடத்தைப் பொதுவில் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதை டிராவல் ரீல்ஸ் போடுபவர்களும் கடைப்பிடிக்கலாம், வியூஸ் கொஞ்சம் குறையும்.

சரி, நம்ம லக்வட்சேரோவை எங்கே கூட்டிப் போகலாம் என்ற கேள்வி நிற்கிறது. என் பட்டியலில் முதலில் வருவது அனகாபுத்தூர். ஒரு காலத்தில் நைஜீரியா வரை போன ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீஃப்’ கட்டம் போட்ட துணியை நெய்த தறிகளின் ஊர். அந்த ஏற்றுமதி படுத்தபிறகு மிஞ்சிய சில நெசவாளர்கள் வாழைநாரில் புடவை நெய்து பிழைக்கிறார்கள். அவருக்கு இது நம்மைவிடப் புரியும். அவர் நாட்டில் அபாக்கா என்ற வாழைக் குடும்பத்துச் செடியின் நாரில் நெய்வது பழைய தொழில். போகிறவர் ஒரு துண்டாவது வாங்கிக்கொண்டு வரட்டும், நேராகத் தறிக்காரர் கையில் காசு கொடுத்து. அப்புறம் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலின் யானை முதுகு போன்ற விமானம். அங்கிருந்து திருநீர்மலை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். நீர் வடிய ஆறு மாதம் எதிர்க்கரையில் காத்திருந்தாராம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தலபுராணம் கதையாகவே தெரியாது.

இந்த மூன்று ஊரும் இப்போது ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன. பல்லாவரம் குடைவரையும், ஃபூட் கல் எடுத்த ஊரும்கூட. ஒரே பஸ்ஸில் இணைக்கலாம். உள்ளூர்ப் பிள்ளைகள் 10 பேருக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கலாம். வருமானத்தில் ஒரு பங்கு அந்தந்த வார்டுக்கே என்று எழுதி வைக்கலாம். அதற்கு முன்னால், அடுத்த கோடை லீவு ஆரம்பிப்பதற்குள், குவாரிகளுக்கு வேலி போட்டாக வேண்டும். அதற்கு டெண்டர் விட இன்னும் எத்தனை மாதம் எடுப்பார்கள்?